சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த எடத்துல உதட்டுல கொப்புளம் - மதுரைல வைத்தியம் பாத்த அனுபவம்

சித்திரைக்கு மதுரை வர்றவங்க, உங்களுக்கு அப்பப்ப உதட்டோரத்துல கொப்புளம் வர்ற ஒடம்புன்னா இத படிச்சிட்டு பெட்டி கட்டுங்க. நான் லண்டன்ல இருக்கேன். இந்தத் தடவ தல்லாகுளத்துல எதிர்சேவை பாத்துட்டு அப்டியே விடியக்காலைல ஆத்துல அழகர் எறங்குறதயும் பாத்துட்டு, ராத்திரி தூக்கமும் இல்ல, பகல்ல மொட்ட வெயிலு வேற, வீட்டுக்கு வந்து படுத்து எந்திரிச்சா கீழுதட்டு ஓரத்துல சுருக்கு சுருக்குன்னு குத்துது. சாயங்காலத்துக்குள்ள சின்னச் சின்னதா நீர் கோத்த கொப்புளம் கொத்தா வந்துருச்சு.

வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அம்மா சூடுன்னாங்க, அப்பத்தா பல்லி எச்சம் பட்டுருச்சுன்னாங்க, பெரியம்மா இது அக்கி தாண்டி, வேளார் வீட்டுக்குப் போயி காவி எழுதிட்டு வான்னாங்க. அக்கி வேற, இது வேற. அக்கி சின்னம்மை வந்துட்டுப் போன கிருமி பல வருசம் கழிச்சு திரும்ப எந்திரிக்கிறது, ஒடம்புல ஒரு பக்கமா பட்டையா வரும். உதட்டுல வர்றது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். ரெண்டும் ஒரே குடும்பத்துக் கிருமி, அதான் பாக்க ஒண்ணு போல இருக்கு.

மொதல்ல பக்கத்துல ஒரு மெடிக்கல்ல கேட்டேன். எட்டிப் பாத்துட்டு ஒரு ட்யூப்ப எடுத்துக் குடுத்துட்டாரு, ரெண்டு வேள தடவுங்கக்கான்னு. திருப்பிப் பாத்தா பெட்டாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு, கூட பூஞ்சைக்கு ஒண்ணு, ஆன்டிபயாட்டிக் ஒண்ணு. இந்த ஸ்டீராய்டு க்ரீமெல்லாம் 2018லயே ஷெட்யூல் எச்ங்கிற மருந்துப் பட்டியல்ல சேத்துட்டாங்க, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. வைரஸ் கொப்புளத்து மேல ஸ்டீராய்டு மட்டும் தடவுனா அந்த எடத்துல எதிர்ப்பு சக்தி கொறஞ்சு புண்ணு பரவிரும். வேணாம்ணேன்னு திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். தயவு செஞ்சு ட்யூப்ல என்ன எழுதிருக்குன்னு படிச்சுட்டு வாங்குங்க.

அப்புறம் அண்ணாநகர்ப் பக்கம் ஒரு ஸ்கின் டாக்டர்ட்ட போன்ல டோக்கன் போட்டோம், அன்னைக்கே சாயங்காலம் கெடச்சுது. லண்டன்ல இதுக்கு ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்ட பாக்கணும்னா நெனச்சுக் கூட பாக்க முடியாது. கூட்டம் நெறய, ஒக்காந்தே இருந்தோம், ஆனா உள்ள போனதும் அந்தம்மா அவசரப்படாம பேசுனாங்க. வைரஸ அடக்குற ஆசைக்ளோவிர் மாத்திர எழுதுனாங்க, வெல ரொம்ப கம்மி. சுருக்குன்னு குத்த ஆரம்பிச்ச உடனே போட்டா தான் மாத்திரைக்கு முழு பலன், கொப்புளம் வந்து ரெண்டு மூணு நாள் ஆயிட்டா பெருசா பிரயோஜனம் இல்ல, அது எப்படியும் பத்து நாள்ல பொருக்கு தட்டி ஆறிரும்னாங்க. அதே வகை மருந்து வாலாசைக்ளோவிர்னா ஒரே நாள்ல முடியுற கோர்ஸ் இருக்காம், அடிக்கடி வர்றவங்க டாக்டர்ட்ட கேட்டு பையில வச்சுக்கலாம், கிட்னி கோளாறு இருக்குறவங்க அத கண்டிப்பா சொல்லணும், அளவ மாத்துவாங்க. எரிச்சலுக்கு ஐஸ ஒரு துணில சுத்தி ஒத்தி எடுத்தேன், நல்லா கேட்டுச்சு. வெயில்ல போறப்ப சன்ஸ்கிரீன் கலந்த லிப் பாம் போடச் சொன்னாங்க, வெயிலே இத கெளப்பி விடும், காய்ச்சலு, அலுப்பு, தூக்கமில்லாததும் தான். கிருமி முகத்து நரம்போட வேர்ல போயி படுத்துக்கும், முழுசா வெளியேத்துற மருந்து இன்னும் இல்ல.

சீட்டுல ஹெர்பிஸ்னு பாத்ததும் ஏதோ பாலியல் நோயோன்னு எங்க அம்மா மொகம் மாறிருச்சு. டாக்டரே கவனிச்சிட்டு சொன்னாங்க, இது பெரும்பாலும் சின்ன வயசுல சொந்தக்காரங்க குடுக்குற முத்தத்துல ஒட்டிக்கிறதும்மா, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு. 50 வயசுக்கு உள்ள இருக்குற ஒலக மக்கள்ல 64 சதவீதம் பேருக்கு எச்.எஸ்.வி. 1, அதான் இந்த ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் கிருமியோட மொத வகை, இருக்குன்னு ஒலக சுகாதார நிறுவனமே சொல்லுது, நெறய பேருக்கு கொப்புளமே வர்றதில்ல.

எனக்கு நெசமா பயம் வந்தது எந்தம்பி மகள நெனச்சு. பொறந்து இன்னும் மாசம் ஆகல. நான் அத்த, பாக்கத்தான் அவ்ளோ தூரம் வந்தது, தூக்கிக் கொஞ்சுன்னு எல்லாரும் கையில குடுக்க வர்றாங்க. டாக்டர் கண்டிப்பா சொன்னாங்க, மொத நாலு வாரம் ரொம்ப ஆபத்து, பச்சக் கொழந்தைக்கு இந்தக் கிருமி மூளைக்கும் ஈரலுக்கும் போயிரும், உசுருக்கே ஆபத்துன்னு. பொருக்கு உதுந்து தோலு முழுசா ஆறுற வரைக்கும் நான் கிட்ட போகல, தொட்டிலுக்குத் தள்ளி நின்னு பாத்தேன். என்னத்தா இவ இப்படிப் பண்றான்னு முணுமுணுத்தாங்க, ஆனா எந்தம்பி பொஞ்சாதி புரிஞ்சுக்கிட்டா. பொறந்த கொழந்தைக்கு நாக்குல சேனை வைக்கிற பெரியவங்களுக்கும் இத சொல்லணும், உதட்டுல புண்ணு இருக்குறவங்க அந்தத் தடவ ஒதுங்கிக்கணும். கொழந்த பாலு குடிக்காம சோந்து போயி கெடந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ ஒரு நிமிசம் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

செம்புல அண்ணாந்து குடிக்கிற நம்ம ஊருப் பழக்கம் இதுக்கு ரொம்ப நல்லது, டம்ளர்ல வாய வச்சுக் குடிச்சிட்டு அடுத்தவங்கட்ட குடுக்காதீங்க. துண்டு, லிப்ஸ்டிக், ரேசர் எல்லாம் தனி. மருந்து தடவுனா கையக் கழுவுங்க, அதே கையோட கண்ணத் தேய்ச்சா கண்ணுலயும் வந்துரும், கருவிழில தழும்பு விழுந்து பார்வையே கொறையும்.

கண்ணு செவந்து வலிச்சு வெளிச்சம் பாக்க முடியலன்னா மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்தாதீங்க, ஸ்டீராய்டு சொட்டா இருந்தா இன்னும் மோசமாயிரும். 1976ல டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி அண்ணாநகர்ல தான் இருக்கு, நேரா அங்க போங்க. தோலுக்கு காசு குடுத்துப் பாக்க முடியாதவங்க காலைலயே பெரியாஸ்பத்திரி போயி ஓ.பி. சீட்டு போட்டு தோல் பிரிவுல காட்டலாம்.