கடலூர் வீடா, சென்னை அலுவலகமா, இரண்டும் கலந்ததா?

கடலூரையோ புதுச்சேரியையோ சொந்த ஊராகக் கொண்ட மென்பொருள் ஊழியர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன: முழுக்க வீட்டிலிருந்து வேலை, சென்னையில் தங்கி அன்றாடம் அலுவலகம், வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் செல்லும் கலப்பு முறை.

வீட்டிலிருந்தால் சென்னை சோழிங்கநல்லூர் வாடகையும் விடுதிச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். ஆனால் வேலை நேரம் நீள்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஆராய்ந்தபோது, உழைத்த நேரம் கூடியும் முடித்த வேலை கூடவில்லை என்றும், இணையவழிக் கூட்டங்கள் பெருகி, இடையூறின்றி வேலை பார்க்கும் நேரம் சுருங்கியது என்றும் தெரியவந்தது. குழந்தை உள்ளவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனி அறையில்லாத வீட்டில், மைக்கை அணைப்பதற்குள் குக்கர் விசிலடித்துவிடும். பராமரிப்பு மின்தடை நாளில் இன்வெர்ட்டர் மதியம்வரை தாங்கினாலே பெரிது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அந்தக் கணக்கும் பொய்த்தது.

அலுவலகத்தின் பலம், கேட்காமலே கற்றுக்கொள்வது. புதிதாகச் சேர்ந்தவர் எந்த வரியில் தடுமாறுகிறார் என்பது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். சாட்டில் அவர் கேட்டால்தான் தெரியும், கேட்கவோ பலரும் கூச்சப்படுவார்கள்.

கலப்பு முறைக்குச் சான்று வலுவானது. சீனாவின் இணையவழிப் பயண முன்பதிவு நிறுவனமான ட்ரிப்.காமில் 1,612 பேரிடம் நடத்தி, 2024-இல் வெளியான ஆய்வில், வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டதும் வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர், பணித்திறன் குறையவில்லை. ஆனால் அந்த ஊழியர்கள் அன்றாடம் அலுவலகம் போய்வரும் தொலைவில் வசித்தவர்கள். கடலூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கி.மீ. இங்கிருந்து கலப்பு முறையை ஏற்பவர் அங்கே விடுதிக் கட்டணத்தையும் கட்டி, ஞாயிறு இரவுப் பேருந்திலும் இடிபட வேண்டும். செவ்வாயும் வியாழனும் வரச் சொன்னால், மூன்றிலும் மோசமான வழி இதுவே. திங்கள் முதல் புதன்வரை தொடர்ச்சியாக வந்து, குழுவினர் அனைவரும் அதே நாட்களில் இருந்தால் மட்டுமே இது தேறும்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சென்னையே மேல், செலவானாலும் பரவாயில்லை. அனுபவமும் கதவடைக்க ஓர் அறையும் உள்ளவருக்கு வீடே போதும். கலப்பு முறையை நாடுவோர், அலுவலக நாட்களைத் தீர்மானிப்பது யார், அவை மாதந்தோறும் மாறுமா என்பதைப் பணியில் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.