கறுப்பு வண்டி, செராமிக் கோட்டிங், எங்கள் ஊர் போர் தண்ணீர்

சித்தப்பா மகன் புது வண்டி புக் செய்திருக்கிறான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதில் கையில் கொஞ்சம் பணம் மிச்சம். அதைக் கொண்டுபோய் செராமிக் கோட்டிங்கில் போடச் சொல்லி ஷோரூமில் நச்சரிக்கிறார்களாம். "அண்ணே, நீங்க போட்டிருக்கீங்கல்ல, போடலாமா வேணாமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதோடு, அண்மையில் முன் பம்பர் அடிபட்டு மாற்றியதில் எனக்கே சில விஷயங்கள் அப்போதுதான் பிடிபட்டன. அதனால் எழுதியே விடுகிறேன்.

செராமிக் கோட்டிங் என்பது பெயிண்டின் மேல் பூசிக் காயவிடுகிற, கண்ணாடி மாதிரி இறுகும் மெல்லிய திரவப் பூச்சு. அதன் கடினத்துக்குக் கடைக்காரர்கள் சொல்லும் எண்தான் 9எச். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த 9எச் பென்சில் கீறல் சோதனையின் எண். லாரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கிற ஜல்லிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயிண்டின் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான். அதன் மேல் இது ஒன்றிரண்டு மைக்ரான். கல்லடியை அது தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் மனதாரப் பாராட்ட வேண்டியது பாலிஷ் போட்ட பையனை. காரைக்குடியில் ஒரு சின்ன ஷெட். வண்டியைக் கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கிற திரவத்தை அடித்தான். கதவின் அடிப்பக்கமெல்லாம் ஊதா நிறத்தில் வழிந்தது. அத்தனையும் பிரேக்கிலிருந்து பறந்து பெயிண்டில் ஒட்டிக்கொண்ட இரும்புப் பொடி. அப்புறம் களிமண் கட்டி மாதிரி இருக்கிற கிளே பாரை ஈரத்தோடு தேய்த்துப் பெயிண்டை வழவழப்பாக்கினான். மீட்டர் வைத்து ஒவ்வொரு இடத்திலும் பெயிண்டின் தடிமன் பார்த்துக் குறித்துக்கொண்டான். பானட்டின் நடுவில் நீளமாக ஒரு டேப் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் மெஷின் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். டேப்புக்கு இந்தப் பக்கம் டியூப்லைட்டைச் சுற்றி வட்ட வட்டமாய் மெல்லிய கீறல்கள். வாட்டர் வாஷில் அழுக்குத் துணி போட்டுத் துடைத்துத் துடைத்து வந்தவை. அந்தப் பக்கம் டியூப்லைட் மட்டும், விளிம்பு தெளிவாக. அதற்கு மேல் அவன் எதுவும் பேசத் தேவைப்படவில்லை.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மாதிரிதான் இதுவும். சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு கொடுத்து, வழவழ கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். இத்தனை தலைமுறை தாண்டியும் முகம் தெரிகிறது என்றால், அந்த அடி வேலையும் தேய்ப்பும்தான் காரணம். காரிலும் பளபளப்பு மொத்தமும் பாலிஷில் வந்தது. கோட்டிங் அதன் மேல் போட்ட காவல், அவ்வளவுதான். ஆனால் பில்லில் பெரிய தொகை காவலுக்குத்தான். தேய்த்த கைக்குச் சின்னத் தொகை. அது நியாயமாகப் படவில்லை.

காவல் வேலையை அது நன்றாகவே செய்கிறது, மறுக்க மாட்டேன். எங்கள் பக்கம் செம்மண் பூமி. தேவகோட்டையிலிருந்து உள்ளே பிரிகிற சாலைகளில் கோடையில் ஒரு தடவை போய்வந்தாலே கறுப்பு வண்டி காவி நிறமாகிவிடும். கோட்டிங்குக்கு முன்னால் அந்தத் தூசி அப்பிக்கொள்ளும். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் கீறல். இப்போது பைப்பைப் பிடித்தால் பெரும்பகுதி தானாக ஓடிவிடுகிறது. வீட்டு வாசலில் வேப்பமரம். காக்கை எச்சம் விழாத நாளே கிடையாது. அது அமிலம், வெயிலில் காய்ந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். இப்போது ஈரத் துணியை இரண்டு நிமிடம் மேலே போட்டு வைத்து எடுத்தால் அடையாளம் இல்லாமல் போகிறது. கழுவும் நேரம் பாதியாகிவிட்டது. இரண்டு மழைக்காலம் தாண்டியும் இதில் குறை வரவில்லை.

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன். வெள்ளை வெள்ளையாய் வட்டக் கறை. பானட், மேற்கூரை, கண்ணாடிக்குக் கீழே, எங்கும்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடினத் தண்ணீர். வாளி விளிம்பில் வெள்ளையாய்ப் படியும், சோப்பு நுரைக்காது. குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத ஊரில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குடிக்கப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிற தண்ணீரே காருக்கு ஆகாது. சாதாரணப் பெயிண்டில் தண்ணீர் பரவி ஓடிக் காயும். கோட்டிங் மேல் பரவாது. உருண்டு திரண்டு நிற்கும். அந்த உருண்டையில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும், காயக் காய ஒரே புள்ளியில் குவிந்து வட்டமாகப் படிகின்றன. எதைப் பார்த்து ஆசைப்பட்டுப் பணம் கொடுத்தோமோ, அந்த உருண்டைதான் கறைக்குக் காரணம். கறுப்பு வண்டி, எங்கள் ஊர் வெயில்; துணியை எடுத்துக்கொண்டு பானட்டின் மறுபக்கம் போவதற்குள் இந்தப் பக்கம் காய்ந்துவிடுகிறது.

இதைப் பணம் வாங்கும் முன் யாரும் சொல்லவில்லை. அதுதான் ஆத்திரம். விளம்பர வீடியோவில் தண்ணீர் உருண்டு ஓடுவதைக் காட்டினார்கள். எந்தத் தண்ணீர் என்று சொன்னார்களா? கறையோடு போய் நின்றபோது "உங்க ஏரியா தண்ணி அப்படி சார்" என்று வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார் முதலாளி. பொடி எழுத்தில், உப்புத் தண்ணீர்க் கறைக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. அட்டையே பணம் கட்டிய பிறகுதான் கைக்கு வருகிறது. இந்த வட்டாரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இந்த வட்டாரத் தண்ணீர் தெரியாதா?

பம்பர் மாற்றியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். புதுப் பெயிண்ட் நன்றாக இறுகும் வரை சில வாரங்களுக்குக் கோட்டிங் போடக் கூடாது என்று அப்படியே விட்டிருக்கிறேன். இப்போது பம்பரும் அதை ஒட்டி முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஃபெண்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் கோட்டிங் இல்லை, ஒன்றில் இருக்கிறது. ஒரே தூசி, ஒரே தண்ணீர். பம்பரில் செம்மண் அப்பியிருக்கிறது, கழுவினாலும் மங்கலாக ஒரு படலம். ஃபெண்டரில் தூசி இல்லை, பளபளப்பு அப்படியே, அதன் மேல் வெள்ளை வட்டங்கள். பத்தடி தள்ளி நின்றால் ஃபெண்டர்தான் அழகு. கிட்டப் போனால் பம்பரே தேவலை.

கறைக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். புதுக் கறை என்றால், வெள்ளை வினிகரில் அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, நிழலில், பெயிண்ட் சூடில்லாதபோது துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவிவிட வேண்டும். பழசாகிப் பெயிண்டைக் குழித்துவிட்ட கறைக்கு அது போதாது. மறுபடி மெஷின்தான், மெஷின் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் போய்விடும். வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. பொழுது சாய்ந்த பிறகு கழுவுகிறேன், ஒவ்வொரு பக்கமாக உடனுக்குடன் துடைக்கிறேன்.

எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தது மழைத் தண்ணீர். எங்கள் பெரிய வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் உள்ளேதான் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழைக்கு அண்டாவை வைத்துப் பிடித்து மூடி வைத்தால், கடைசியாக அலச அது போதும். உப்பே இல்லாத தண்ணீர், ஒரு வட்டம் கூட விழாது. "மழைத் தண்ணியிலதான் பருப்பு சீக்கிரம் வேகும்" என்று அப்பத்தா தனிக் குடத்தில் எடுத்து வைப்பார். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பங்குனி, சித்திரைக்கு அண்டாவில் தண்ணீர் ஏது? வெயிலும் தூசியும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இருந்ததால் பம்பருக்கும் பெயிண்டுக்கும் கிட்டத்தட்ட முழுசாக வந்தது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக்குக்கும் பெயிண்ட் பொருளுக்கும் பாதிதான். கோட்டிங்குக்கு ஒரு ரூபாய் வரவில்லை, பாலிசியில் அது எழுதப்படவில்லை என்றார்கள். அதே மாதிரி, வண்டியை இரண்டு மூன்று நாள் விடப்போகிற ஷெட்டில் என்ன இன்சூரன்ஸ் இருக்கிறது என்றும் கேளுங்கள். கடைக்காரர் எடுத்திருக்கும் சாதாரணத் தீ விபத்து பாலிசி அவருடைய மெஷினுக்கும் சரக்குக்கும்தான். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்திருந்தால்தான் நம் வண்டிக்கும் பொருந்தும். நான் விசாரித்த இடங்களில் ஒருவர் மட்டுமே பேப்பரை எடுத்துக் காட்டினார்.

இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது சிலருக்குப் பொருந்தாமல் படலாம். ஆனாலும் என் முடிவு இதுதான்: போர் தண்ணீரில் கழுவுகிற வீடு என்றால் இந்த விலைக்குக் கோட்டிங் வேண்டாம். என் பம்பரையும் கோட்டிங் இல்லாமலே விடப்போகிறேன். தேறிய கை ஒன்றைப் பிடித்துப் பாலிஷ் போட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே வாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தம்பி வாங்குவது வெள்ளை வண்டி. கறையும் கீறலும் கண்ணில் அவ்வளவாகப் படாது. அவனுக்கு அந்தச் செலவே தேவையில்லை. காரைக்குடிக்குள் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் வருகிற வீடாக இருந்து, குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவ மனசும் வந்தால் போடட்டும். அப்போதும் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.