வேலூர்ப் பல்கலைக்கழக நூலகங்கள்: பச்சை டிக் வரும்வரை புத்தகத்தை எடுக்காதீர்கள்

வேலூர், காட்பாடி சுற்றுவட்டார வளாக நூலகங்களில் ஏசி கூடம், கண்ணாடி அறை, புத்தகத்தை நாமே பதிந்துகொள்ளும் கியாஸ்க், ஹாஸ்டலில் இருந்தபடியே ஜர்னல் என வசதிகள் கூடியிருக்கின்றன. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நீண்ட நாள் பயன்பாட்டில் எது நின்றது, எது இழுத்தடித்தது என்று பார்க்க அந்த ஒரு விதியே போதும்.

இடத்தில் தொடங்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் ஏசி கூடம் நிரம்பி வழியும். ஆனால் சண்டை நாற்காலிக்கு அல்ல, பிளக் பாயின்டுக்கு. ஒரு லேப்டாப் சார்ஜர் சுமார் 65 வாட். நாற்பது பேர் ஒரே நேரத்தில் போட்டால் 2,600 வாட், அதாவது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 11 ஆம்பியர். இதற்குத் தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறினால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) வைத்தால் பிரச்சினை வராது. ஏசி லைனிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கோர்த்தால் மதியம் ட்ரிப் ஆகும், கூடமே இருண்டுவிடும். குழு விவாத அறைகளில் கண்ணாடித் தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால் மேல் இடைவெளி வழியாகப் பேச்சு முழுக்க வெளியே வரும். தடுப்பு மேல்தளம் வரை போயிருக்கிறதா என்று கட்டும்போதே பார்க்க வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. இரவு நீட்டிப்பு ஹாஸ்டல் மாணவர்களுக்கு நல்லது. குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கமிருந்து பஸ்ஸில் வரும் டே ஸ்காலருக்கு அதனால் துளியும் பயனில்லை. காலை ஏழரைக்குத் திறந்து, லாக்கரும் கொடுத்தால் அவர்களுக்கு முதல் வகுப்புக்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் சொந்தப் புத்தகம் கொண்டுவர தனிக் கூடம் ஒதுக்குவதும் அவசியம். அது இல்லாத இடத்தில் வாசலிலேயே வாக்குவாதம்தான்.

புத்தகத்தை ரேடியோ அலையால் அடையாளம் காணும் ஆர்.எஃப்.ஐ.டி. கியாஸ்க்தான் அதிகம் கைகொடுப்பது. அதிகம் கோபம் வரவழைப்பதும் அதுதான். அட்டைக்குள் ஒட்டிய சில்லு வைத்த டேக் 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. மெல்லிய புத்தகங்களை அடுக்கினால் டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து, ஒன்றை ஒன்று மறைத்துவிடும். நான்கு வைத்தால் திரையில் மூன்று என்று வரும். உலோகப் பளபளப்பு அட்டையும் அலையைத் தடுக்கும். எல்லா டேக்கையும் ஒரே உயரத்தில் ஒட்டாமல் மேல், நடு, கீழ் என மாற்றி ஒட்டுவது நூலகத்தின் வேலை. நம் வேலை, திரையில் வரும் எண்ணிக்கையைக் கையிலுள்ள புத்தகங்களோடு ஒப்பிடுவது. இன்னொன்று: கணக்கில் புத்தகம் ஏறிய பிறகுதான் டேக்கில் உள்ள பாதுகாப்புக் குறி மாறும். அந்த ஓரிரு நொடிக்குள் அவசரப்பட்டுப் புத்தகத்தைத் தூக்கினால் பதிவு சரியாக இருக்கும், வாசல் கேட் கத்தும். பச்சை டிக் வந்த பிறகே எடுங்கள்.

வெளியே உள்ள ரிட்டர்ன் பெட்டியிலும் ஒரு சிக்கல். ஞாயிறன்று போட்டது திங்களன்றுதான் ஸ்கேன் ஆகும். கோஹா என்ற நூலக மென்பொருளில் இதற்கென்றே புக் டிராப் முறை உண்டு. கடைசியாகத் திறந்திருந்த நாளின் தேதியில் திரும்பப் பெற்றதாகப் பதியும். பணியாளர் அதைத் தேர்வு செய்யாவிட்டாலோ, விடுமுறை நாட்காட்டியை நிரப்பாமல் விட்டாலோ, பொங்கல் விடுமுறைக்கும் சேர்த்து அபராதம் விழும். கேட்டால் நீக்கிவிடுவார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆன்லைன் ஜர்னல் விஷயத்தில் மாற்றம் பெரியது. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. வளாக வைஃபையில் இருந்தால் ஐ.பி. முகவரியை வைத்தே கதவு திறக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும் பணம் கேட்கும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பதிப்பகத்தின் பக்கத்திலேயே 'நிறுவனம் வழியாக நுழைக' என்ற பொத்தான் இருக்கும். அதில் கல்லூரிப் பெயரைத் தேடி, நூலகம் தந்த இன்ஃபெட் (கல்வி நிறுவனங்களுக்கான பொது உள்நுழைவு) கணக்கால் உள்நுழைந்தால் வீட்டிலிருந்தும் படிக்கலாம். கணக்கை விடுமுறைக்கு முன்பே வாங்கிவையுங்கள்.

இன்னும் தேறாதது தமிழ்ப் புத்தகத் தேடல். 'பொருளியல்' என்று தட்டினால் எதுவும் வராது, அலமாரியில் வரிசையாக நிற்கும். காரணம் இரண்டு. பழைய பதிவுகள் ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கும். தமிழில் ஏறியவற்றிலும் 'பொ' என்பதன் கொம்பும் காலும் சில இடத்தில் ஒரே குறியீடாகவும், சில இடத்தில் இரண்டு குறியீடுகளாகவும் பதிந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொல். பதிவுகளை ஒரே யூனிகோட் வடிவுக்குக் கொண்டுவந்து, கோஹாவின் தேடுபொறியை யூனிகோட் எழுத்துகளைச் சரியாகக் கையாளும் ஐ.சி.யூ. முறைக்கு மாற்றி, மறுபடி இண்டெக்ஸ் செய்ய வேண்டும். இதற்குப் புதிதாக எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வளாகத்தில் தமிழ்த் தலைப்பு கிடைக்காமல் மாணவர் திரும்பிப்போவது பொறுக்க முடியாதது.

அதுவரை, ஆசிரியர் பெயரின் ஒரு பகுதியை மட்டும் தட்டிப் பாருங்கள். தமிழ் இலக்கியம் என்றால், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறை நூலகங்களில் நேராக 894.811 அலமாரிக்குப் போங்கள்: கவிதை 894.8111, புனைகதை 894.8113. தேடலில் வராத புத்தகம் அங்கே கிடைத்தால் அதன் அக்செஷன் எண்ணை (நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் பதிவு எண்) குறித்து கவுன்டரில் கொடுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் தப்பான பதிவைத் தேடிப்பிடித்துத் திருத்த முடியும்.