புயலுக்குப் பெயர் வைக்கும் முறைகள்: நெல்லைச் சீமைக்கு எது சரிவரும்?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாமுக்குப் பெயர் இருந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழைக்குப் பெயர் கிடையாது. குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டலச் சுழற்சி என்பதோடு சரி. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டதும், ஏரல் பாலம் சேதமானதும், குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கியதும் அந்த மழையில்தான். நம் முறையில் அது ஏன் புயல் ஆகவில்லை? வேறு நாட்டு முறைகளில் என்ன ஆகியிருக்கும்?

முதலில் நம் முறை. இந்திய வானிலை ஆய்வு மையம் பார்ப்பது காற்றின் வேகத்தை, அதுவும் 3 நிமிடச் சராசரியை. மணிக்கு 31 கி.மீ. தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 என்றால் புயல். அதற்கு மேல் 89, 118, 167 என்று தீவிரம் கூடிக்கொண்டே போய், 222இல் சூப்பர் புயல். பெயர் கிடைப்பது 62ஐத் தொட்ட பிறகுதான். 2004இல் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது 13 நாடுகள் தலைக்கு 13 பெயர் கொடுத்து 169 பெயர்களோடு 2020இல் வந்த பட்டியல் நடப்பில் இருக்கிறது. இந்தியா கொடுத்தவற்றில் ‘முரசு’ என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. ஒரு முறை வைத்த பெயரைத் திரும்ப வைப்பதில்லை.

பெயர் வைப்பதால் பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெயர் வந்துவிட்டால் டிவியிலும் டீக்கடையிலும் அதே பேச்சு, ஜனங்கள் உஷாராகிவிடுகிறார்கள். ஆனால் பெயர் வரும் நேரம்தான் நம் பக்கத்துக்குப் பெரிய சிக்கல். 2017இல் ஒக்கி நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், 30ஆம் தேதி காலை புயல். அது புயலாகும்போதே குமரிக்கடலில் இருந்தது. கடலுக்குப் போன மீனவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வங்கக் கடலின் நடுவில் உருவாகி நாலைந்து நாள் நகர்ந்து வரும் புயலுக்கு இந்த முறை போதும். நம் வாசலிலேயே உருவாகும் புயலுக்குப் போதாது.

அமெரிக்காவிலும் பெயர் வைக்க வேண்டிய வேகம் கிட்டத்தட்ட இதேதான், 63 கி.மீ. அவர்கள் எடுப்பது 1 நிமிடச் சராசரி என்பதால் ஒரே புயலுக்கு நம் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலான எண் வரும். 119ஐத் தாண்டினால் ஹரிக்கேன், அதில் கேட்டகரி 1 முதல் 5 வரை. ஆஸ்திரேலியாவிலும் ஐந்து கேட்டகரி உண்டு, ஆனால் அங்கே 63லேயே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுடைய கேட்டகரி 3 ஏறக்குறைய அமெரிக்காவின் கேட்டகரி 1. ‘கேட்டகரி 4 புயல் வருது’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால், எந்த நாட்டுக் கணக்கு என்று பார்த்துவிட்டு அப்புறம் பயப்படலாம்.

அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்தவை இரண்டு. புயலாகாத ஒன்று இரண்டு நாளுக்குள் (2025 முதல் மூன்று நாளுக்குள்) கரையைத் தாக்கக்கூடும் என்று தெரிந்தாலே, 2017 முதல் புயலுக்குரிய எச்சரிக்கையை வெளியிடுகிறார்கள். ஒக்கி மாதிரியானவற்றுக்கு வேண்டியது இதுதான். இன்னொன்று, பெயருக்கு ஓய்வு கொடுத்து நீக்குவது. அவர்கள் ஆறு பட்டியல்களைச் சுழற்சியில் வைத்திருக்கிறார்கள். பெரும் அழிவு செய்த பெயர் மட்டும் திரும்ப வராது. 2001இல் வந்த அலிசன் ஹரிக்கேன் ஆகவே இல்லை. ஆனாலும் ஹூஸ்டனை வெள்ளத்தில் மிதக்கவிட்டதால் அந்தப் பெயரை நீக்கினார்கள். காற்று குறைவாக இருந்தாலும் மழை ஆளைக் கொல்லும் என்பதை அங்கே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸ் இன்னும் ஒரு படி முன்னால் நிற்கிறது. உலகம் என்ன பெயர் வைத்திருந்தாலும், தங்கள் எல்லைக்குள் வந்தால் தங்கள் ஜனங்களுக்குப் பழகிய பெயரை வைப்பார்கள். 2013இல் வெளியே ஹையான், அங்கே யோலாண்டா. தாழ்வு மண்டலமாக இருக்கும்போதே பெயர் வந்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 5 வரை தனித்தனி சிக்னல் எண்ணும் உண்டு. தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு நமக்குத் தெரிந்ததுதான். ‘எத்தனாம் நம்பர் கூண்டு?’ என்று கடற்கரை ஊர்களில் கேட்பார்கள். ஆனால் அது கப்பலுக்கும் படகுக்கும் உள்ள எண். தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூரில் வாழை போட்டவருக்கும் நெல்லை வண்ணார்பேட்டையில் வீடு உள்ளவருக்கும் அதனால் ஒன்றும் தெரியாது. பிலிப்பைன்ஸில் அவர்களுக்கும் ஓர் எண் கிடைத்திருக்கும்.

சரி, 2023 டிசம்பர் மழைக்கு இவற்றில் எது பெயர் வைத்திருக்கும்? எதுவும் இல்லை. அது தாழ்வு மண்டலமாகக்கூட ஆகவில்லையே. பெயர் கிடைக்க வாய்ப்புள்ள ஒரு முறை வெப்ப மண்டலத்துக்கு வெளியே, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2015 முதல் இருப்பது. அங்கே எவ்வளவு சேதம் வரும் என்பதைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். காற்றோடு மழையும் பனியும் கணக்கில் சேரும். நெல்லைக்கு நான் கேட்பது அந்த அளவுகோலைத்தான். மேற்கே மலை, நடுவில் தாமிரபரணி, கிழக்கே கடல் என்று அமைந்த இந்தச் சீமையைக் காற்றைவிட வெள்ளம்தான் அதிகம் அடித்திருக்கிறது. 1992 நவம்பரில் புயலே வந்தது, ஆனால் ஊரில் பேசுவது அந்த வருஷத்து வெள்ளத்தைத்தான்.

பெயர் வைப்பதற்கு நாடுகள் கூடிப் பேச வேண்டும், நாளாகும். உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் மழைக் கணக்கில் 6.45 செ.மீ. முதல் கனமழை, 11.56 முதல் மிக கனமழை, 20.45 முதல் அதி கனமழை. அதோடு ஏணி முடிந்துவிடுகிறது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யும் அதி கனமழை. காற்றுக்குப் புயலுக்கு மேலேயே நாலு படி வைத்திருப்பவர்கள், மழைக்கு 40 செ.மீ.யில் ஒரு படியும் 60இல் ஒரு படியும் சேர்க்க வேண்டும். சேர்த்து, ஆற்றங்கரை ஊர்களுக்குத் தனியாக அறிவிக்கவும் வேண்டும்.