முத்திரையை நம்பி 6 லட்சத்து 80 ஆயிரம் போச்சு: மட்டக்களப்பில வீடு வாங்கப் போறவங்க வாசிங்க

முந்தாநாள் எங்கட குசினியை உடைச்சு முடிச்சாங்க. வாங்கி நாலு மாசம் ஆகாத வீடு. மனைவி விறாந்தையில கேஸ் அடுப்பை வைச்சுச் சமைக்கிறா. உடைக்கவும் திருப்பிக் கட்டவும் 6 லட்சத்து 80 ஆயிரம். ஆத்திரம் ஆற முதல் எழுதுறன்.

வீடு, காணி விற்கிற ஒரு ஒன்லைன் விளம்பரத் தளத்திலதான் கண்டன். நாவற்குடாப் பக்கம், 12 பேர்ச், "மாநகர சபை அனுமதியுடன்" எண்டு போட்டிருந்திச்சு. புறோக்கருக்கு எங்கட அப்பாட வயசு. முதல் நாளே "மனே" (மகனே) எண்டுதான் கூப்பிட்டார். விறாந்தையில இருத்தி, பிளேன்ரீ குடுத்து, பொலித்தீன் கவருக்குள்ள மடிச்சு வைச்சிருந்த வீட்டுப் பிளானை எடுத்து மேசையில விரிச்சார். ஓரத்தில சபையிட முத்திரை, கையெழுத்து. அதில விரலை வைச்சு, "இதுக்கு மேல என்ன மனே வேணும்? உன்னை ஏமாத்திப்போட்டு நான் மாமாங்கக் கோயில்ல போய் எப்பிடிக் கும்பிடுற?" எண்டார்.

அந்தச் சொல்லிலதான் விழுந்தன். முத்திரையைப் பார்த்தன், பிளானைப் பார்க்கல்ல. அதில கீறியிருந்தது ரெண்டு அறை, ஒரு ஹோல், உள்ளுக்க ஒரு சின்னக் குசினி. பின்னால கிடந்த பெரிய குசினி அதில இல்லவே இல்ல. பிளானைக் கையில எடுத்துக்கொண்டு வீட்டை ஒருக்காச் சுத்தியிருந்தா அந்த இடத்திலயே பிடிபட்டிருக்கும்.

கார்த்திகை மழை தொடங்கினதும் பக்கத்து வளவு அக்கா மதிலால கூப்பிட்டா. குசினிச் சுவரை மதிலுக்கு மேலயே ஏத்திக் கட்டியிருக்காங்க, ஒரு சாண் இடம் விடல்ல. சீற்றால வாற தண்ணி முழுக்க அவட கிணத்தடியில விழுந்து, கட்டைச் சுத்தி மண் அரிச்சு, செங்கல் தெரியுது. நான் முதல் அவவோடதான் சத்தம் போட்டன். இப்ப நினைக்க வெட்கமாக் கிடக்கு. அவ ஒண்டும் பேசாம உள்ள போய், சபைக்குக் குடுத்த முறைப்பாட்டுப் பிரதியைக் கொண்டு வந்து காட்டினா. நான் வாங்கிறதுக்கு ஒரு வருசம் முதல் குடுத்தது. "வீடு பார்க்க வந்த அண்டைக்கு என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே தம்பி" எண்டா.

சபைக்குப் போன பிறகுதான் விளங்கிச்சு. பிளான் பாஸ் எண்டா கட்டுறதுக்கு அனுமதி, அவ்வளவுதான். கட்டி முடிஞ்சதும் பிளான்படிதான் கட்டியிருக்கு எண்டு பார்த்துக் குடுக்கிற சான்றிதழ், சி.ஓ.சி எண்டு சொல்லுறது, அது வேற. பின் குசினிக்குப் பிளானும் இல்ல, சி.ஓ.சியும் இல்ல. எல்லையோட ஒட்டிக் கிடக்கிறதால இனி அனுமதி எடுக்கவும் ஏலா எண்டிட்டாங்க. அதாலதான் உடைக்க வேண்டி வந்திச்சு. உறுதி எழுதின நொத்தாரிசில பிழை இல்ல. அவர் காணிப் பதிவகத்தில தேடினது உறுதியை. குசினியை ஆர் எப்ப கட்டின எண்டு அங்க வராது.

புறோக்கருக்கு எடுத்தன். "அதை விற்ற ஆளோட கதைங்க தம்பி." மனே போய்த் தம்பி வந்திட்டு. விற்றவர், "பார்த்துத்தானே வாங்கினீங்க" எண்டார். மறுகா ரெண்டு பேரும் போன் எடுக்கிறல்ல. தளத்துக்கு மூண்டு தரம் எழுதினன். விளம்பரத்தில உள்ள தகவலுக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம், மூண்டு தரமும் அதே வசனம். அந்தப் புறோக்கரிட வேற வீட்டு விளம்பரம் இப்பவும் அதில கிடக்கு, "அனுமதியுடன்" எண்டு.

6 லட்சத்து 80 ஆயிரம். மனைவிட சீட்டுக் காசு, ரெண்டு காப்பு, மிச்சம் கடன்.

என்னென்ன பார்க்கோணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தன், இப்ப ஏலாது. சேவயர் பிளான் காணிக்கு, கட்டடப் பிளான் வேற, ரெண்டையும் கேளுங்க. சி.ஓ.சி இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. வீட்டில முறைப்பாடு ஏதும் கிடக்கா எண்டு சபையில நேரில போய்க் கேளுங்க. ரெண்டு பக்கத்து வளவுக்காரரிட்டயும் புறோக்கர் இல்லாத நேரம் கதைங்க. மழை நாளில போய்ப் பாருங்க.

மத்தியஸ்த சபைக்குப் போட்டிருக்கன். விற்றவர் வருவாரோ தெரியா. அக்கா அந்த முறைப்பாட்டுப் பிரதியோட என்னோட வாறன் எண்டிருக்கா.