ஹம்டாவா, சந்திரகனியா?

மணாலிக்குப் போய் ஒரு கணவாயாவது கடந்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஹம்டாவுக்குத்தான் பெயர் கொடுக்கிறார்கள். 4,270 மீட்டர் என்ற எண் ஆளை இழுக்கிறது. பியாஸ் ஆற்றின் அதே கரையில், தெற்கே தள்ளி, 3,660 மீட்டரில் இருக்கும் சந்திரகனியைக் கேட்பார் குறைவு. உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கதையில் பாதி கைவிட்டுப் போகும் என்பது என் கட்சி.

கதை என்றால் ஜம்லு தேவதாவின் கதை. குலு மக்கள் ஜம்லுவை ஜமதக்னி முனிவர் என்கிறார்கள்; பரசுராமரின் அப்பா, நம்மூர் படவேட்டு ரேணுகாம்பாளின் கணவர், அதே ஜமதக்னிதான். அவர் குலு தெய்வங்களை எல்லாம் ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஹம்டாவில் சில காலம் இருந்துவிட்டுத்தான் வந்தார் என்றும் சொல்வதுண்டு. சந்திரகனி முகட்டில் ஏறியதும் பெருங்காற்று அடித்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டது. தெய்வங்கள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறி, விழுந்த இடத்திலேயே ஊருக்கு ஒன்றாய்க் குடியேறின. ஆக, ஒரே கதைக்குள் இரண்டு கணவாய்களும் வருகின்றன. ஆனால் நடக்கிறவருக்குக் கிடைப்பது வேறு வேறு.

ஹம்டாவில் மாறுவது நிலம். ஜோப்ராவில் மரங்களுக்கு நடுவே நடை தொடங்கும். சிக்கா புல்வெளியைத் தாண்டினால் மரங்கள் விடைபெறும். பாலு கா கேரா என்ற மணல்வெளியில் கூடாரம் போட்டு, மறுநாள் விடியலில் கணவாய்க்கு ஏற வேண்டும். மேலே வானம் தெளிந்திருந்தால் இந்திராசன் சிகரத்தைப் பார்க்கலாம், 6,221 மீட்டர். பக்கத்திலேயே தேவ் திப்பா. இந்திரனும் தேவர்களும் கூடும் இடம் என்பது ஊர் நம்பிக்கை. அப்பால் ஷியா கோருவுக்கு இறங்கும்போது பச்சை என்பதே இல்லை. மழை மேகங்களைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் கணவாய்க்கு அப்பால் உள்ள லாஹுல் பள்ளத்தாக்கில் வெறும் பாறையும் மண்ணும்தான். ஜூலையில் இந்தப் பக்கம் நனைந்துகொண்டே ஏறி, அந்தப் பக்கம் வெயிலில் சட்டையைக் காயப்போட்டவர்கள் உண்டு.

கஷ்டம் எது என்று கேட்டால், ஏற்றத்தைவிட நீரோடைகளைச் சொல்வேன். பனி உருகி வரும் தண்ணீர். கால் வைத்த சில நொடிகளில் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி, ஆளோடு ஆள் கை கோத்து, பக்கவாட்டில் நகர்ந்துதான் கடப்பார்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் பெருகும், அதனால் காலையிலேயே கடப்பது நல்லது. மணாலியில் இறங்கிய மறுநாளே கிளம்புகிறவர்களுக்கு இந்த உயரத்தில் தலைவலியும் வாந்தியும் வரலாம். ஒரு நாள் மணாலியில் சும்மா இருங்கள், நஷ்டமில்லை. நடை முடியும் சத்ரு என்ற இடத்தில் இறங்கியபின் வண்டியில் சந்திரதால் ஏரியையும் பார்த்துவிட்டு, அடல் சுரங்கப்பாதை வழியாகச் சுலபமாகத் திரும்பிவிடலாம்.

சந்திரகனியில் நிலம் அவ்வளவு மாறுவதில்லை, மனிதர்கள் மாறுகிறார்கள். குலு ராஜாக்களின் பழைய தலைநகரான நக்கரில் தொடங்கி, ரும்சு கிராமம் வழியாகத் தேவதாரு காட்டில் ஏறுகிற பாதை. மேலே நட்டுவைத்த கற்களும் அடுக்கிய கற்குவியல்களும் வரவேற்கும். காற்று இன்றைக்கும் கூடையைத் தட்டிவிடுகிற வேகத்தில்தான் அடிக்கிறது. முகட்டில் தண்ணீர் கிடைப்பது அரிது, கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் ஆயிரம் மீட்டர் செங்குத்தாக இறங்கினால் மலானா கிராமம். முழங்கால் இருப்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். கீழே ஜம்லுவின் ஆட்சி. மலானாக்காரர்கள் பேசும் கனாஷி மொழி பக்கத்து ஊர்க்காரர்களுக்கே புரியாது. ஊருக்கு மேலவை, கீழவை உண்டு. தீர்ப்பு ஜம்லுவின் பெயரில். வழக்கு எதிலும் முடியாவிட்டால், இரு தரப்பும் கொண்டுவந்த ஆடுகளின் காலைக் கீறி நஞ்சு வைத்துத் தைப்பார்களாம். எவருடைய ஆடு முதலில் சாகிறதோ அவர் தோற்றார். வெளியாட்கள் கோயிலையோ வீட்டுச் சுவரையோ தொட்டால் அபராதம். கடையில் காசைக் கையில் வாங்க மாட்டார்கள், கீழே வைக்க வேண்டும். குலு தசராவுக்கு மற்ற தெய்வங்கள் ரகுநாதரிடம் வந்து வணங்கும்போது, ஜம்லு மட்டும் ஆற்றின் எதிர்க்கரையிலேயே இருந்துகொள்வார்.

காட்சிதான் முக்கியம், ஐந்து நாள் இருக்கிறது, குளிர் தாங்கும் என்றால் ஹம்டா. முதல் முறை மலையேறுகிறவர்களுக்கும், கதை கேட்கிற ஆசை உள்ளவர்களுக்கும் சந்திரகனி. நான் போட்டால் ஓட்டு இதற்குத்தான். கஞ்சாவுக்காக மலானா போகும் கூட்டத்தோடு சேராதீர்கள், வழியில் போலீஸ் சோதனை உண்டு. 2017இலிருந்து மலானாவில் வெளியாட்கள் இரவு தங்கத் தடை இருப்பதால், ஊருக்கு வெளியே கூடாரம் போடவோ, கீழே உள்ள ஜரி என்ற ஊர் வரை இறங்கவோ முன்பே திட்டம் வேண்டும். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே அணையே உடைந்து, சாலையும் சேதமானது. எதற்கும் இறங்கும் வழி எப்படி இருக்கிறது என்று நக்கரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சரியில்லை என்றால் கணவாய் வரை போய் அதே வழியில் ரும்சுவுக்குத் திரும்பலாம்.