ஷியாட்சு: கையா, மெஷினா, இல்லை வேறு மசாஜா?

கழுத்து பிடித்துக்கொண்டது, தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், ஷியாட்சு என்ற ஜப்பானிய அழுத்த மசாஜைப் பார்த்தீர்களா என்று கேட்க ஒருவர் வந்துவிடுகிறார். ஸ்பாவின் விலைப்பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆன்லைனில் விற்கும் மசாஜர் பெட்டியின் மேலும் இருக்கிறது. பட்டியலில் பக்கத்திலேயே ஸ்வீடிஷ் மசாஜ், தாய்லாந்து மசாஜ். எதற்குக் காசு கொடுப்பது? பலன் என்று பார்த்தால் இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்பதுதான் என் கட்சி. எது யாருக்கு ஆகாது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

முதலில் செய்முறை. ஜப்பானிய ஷியாட்சுவில் எண்ணெய் கிடையாது, உடையைக் கழற்ற வேண்டியதும் இல்லை. தரையில் விரித்த மெத்தையில் படுக்கவைத்து, கட்டைவிரலின் சதைப்பகுதியை ஓர் இடத்தில் ஊன்றி, தன் உடல் எடையை அதில் மெல்லச் சாய்ப்பார்கள். சில விநாடிகள் அமுக்கம், பிறகு மெதுவாக விடுவித்து அடுத்த இடம். முதுகெலும்பின் இரு பக்கமும் இப்படியே இறங்கிக்கொண்டு போவார்கள். ஸ்வீடிஷ் நேர் எதிர்: எண்ணெய் தடவி நீவுவது, பிசைவது, தட்டுவது. தாய்லாந்து மசாஜும் உடையோடுதான், தரையில்தான். ஆனால் அங்கே பாதி வேலை கையையும் காலையும் இழுத்து வளைப்பது. நடுநடுவே முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் நம் மேல் ஏறும். 2019-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை அது. மரபு பெரியது, சரி. மூட்டு தேய்ந்தவருக்கு அந்த வளைப்பு ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி.

ஷியாட்சு அவ்வளவு பழையதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. தொகுஜிரோ நமிகோஷி 1940-ல் டோக்கியோவில் இதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1954-ல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு அவர் ஷியாட்சு செய்தது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. நமிகோஷி வழியினர் நரம்பு, தசை என்று பேசுவார்கள். பின்னால் வந்த மசுனாகாவின் வழியில் சீன மருத்துவத்தின் சக்திப் பாதைகள் முக்கியம். வெளிநாட்டு ஸ்பாக்களில் நாம் கேட்கும் ‘சக்தி ஓட்டம்’ பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியிலிருந்து வருவது.

ஜப்பானில் ஷியாட்சு செய்ய மூன்று வருடப் படிப்பும் தேசியத் தேர்வும் வேண்டும். அங்கேயும் உரிமம் இல்லாத ‘ரிலாக்சேஷன்’ கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. உரிமமில்லாத இத்தகைய கைவைத்தியங்கள் குறித்து 2017-ல் அந்த நாட்டு நுகர்வோர் துறை எச்சரித்தது. ஏழரை ஆண்டுகளில் ஏறத்தாழ 1,500 பாதிப்புகள் பதிவாகியிருந்தன. அவற்றில் 200-க்கு மேற்பட்டவை ஒரு மாதமோ அதற்கு மேலோ சிகிச்சை தேவைப்பட்டவை. பிறந்த வீட்டிலேயே இந்த நிலை என்றால், மற்ற ஊர்களில் சில வாரப் பயிற்சியோடு வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பலனுக்கு வருவோம். 2011-ல் ஷியாட்சு, அதற்கு நெருங்கிய முறையான அக்குபிரஷர் (உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை அழுத்துவது) ஆகியவற்றின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, அக்குபிரஷருக்கு ஓரளவு நல்ல சான்று இருப்பதாகச் சொன்னது. மாதவிடாய் வலி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டல் போன்றவற்றில் அது உதவுகிறது. ஷியாட்சுவுக்கோ ஆய்வுகள் எண்ணிக்கையிலும் குறைவு, தரத்திலும் குறைவு. பொதுவாக மசாஜ் முதுகுவலியைக் குறுகிய காலத்துக்குத் தணிக்கலாம். நீண்ட நாள் பலனுக்கு உறுதியான சான்று இல்லை. உடம்பு தளர்ந்து, அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தால் அதுவே லாபம். ‘நச்சு வெளியேறும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆபத்து என்றால் முதலில் கழுத்து. அதன் பக்கவாட்டில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கே அழுத்தியதால் குழாயின் உள்சுவர் கிழிந்ததும், பக்கவாதம் வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் வந்தால் விளைவு பெரிது. சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதும் இதே காரணத்தால் வேண்டாத வேலை.

இங்கேதான் மெஷின் தோற்கிறது. ‘ஷியாட்சு மசாஜர்’ என்று விற்பதில் உள்ளே உருண்டைகள் சுழன்று பிசைகின்றன. ஷியாட்சுவின் அழுத்தி நிறுத்தும் முறை அதில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. கை, ‘வலிக்கிறது’ என்றால் நிற்கும். மெஷின் சுவிட்சை அணைத்தால்தான் நிற்கும். அத்தகைய மசாஜரைப் பயன்படுத்தியவருக்குக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்ததாகவும் ஒரு பதிவு உண்டு. கழுத்து, தோளுக்கான ஒரு மசாஜரை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் எச்சரித்தது. சுழலும் பாகத்தில் முடியோ துணியோ சங்கிலியோ சிக்கிக் கழுத்து நெரிபட்டு ஒருவர் இறந்திருந்தார். பின்னல், துப்பட்டா, தாலிச்சரடு எல்லாம் கழுத்தைச் சுற்றியே இருக்கும் நம் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நீரிழிவால் கால் மரத்தவர்கள் சூடு வைக்கும் மாடலைத் தொடவே கூடாது, சுட்டது தெரியாது.

அப்புறம் எதை எடுப்பது? உடையைக் கழற்றக் கூச்சம், எண்ணெய் ஆகாது என்றால் ஷியாட்சு, அதுவும் முறையாகப் படித்த கையாக இருந்தால். எலும்பு தேய்ந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மென்மையான எண்ணெய் நீவலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தாய்லாந்து முறையை, மூட்டில் குறையில்லாத, உடம்பு வளைகிற ஆளுக்கு மட்டும் சொல்வேன். கர்ப்பிணிகள் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஷியாட்சுக்காரர்கள் சில இடங்களை அப்போது தொடமாட்டார்கள். அக்கி வந்த இடத்தில் யார் கையும் படக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். பிடித்துவிடச் சொல்லாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.